டிரெய்லரோட பழைய பைபர் போட்டு வாங்கியிருக்கேன், முதல்ல எதுக்குச் செலவு பண்ணலாம்? (முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம்)

தோப்புக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊரு பட்டுக்கோட்டைக்குப் பக்கம். ரொம்ப நாள் ஆசை இப்பத்தான் கூடி வந்துச்சு, 16 அடி பைபர் போட்டு ஒன்னு செகண்ட் ஹேண்டுல எடுத்திருக்கேன், பின்னாடி யமஹா 40 டூ ஸ்ட்ரோக், கூடவே டிரெய்லர். அது கம்பெனி டிரெய்லர் கிடையாது, யாரோ பட்டறையில இரும்பு பைப்பு வச்சு அடிச்சது, பெயிண்ட் மட்டும் புதுசா மின்னுது. இழுக்க பொலேரோ இருக்கு. தொழிலுக்கெல்லாம் இல்ல, லீவு நாள்ல தூண்டில் போடணும், பசங்களைக் கூட்டிக்கிட்டு முத்துப்பேட்டை பக்கம் ஒரு சுத்து சுத்தணும், அவ்வளவுதான்.

கையில ஒரு நாப்பதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். பிஷ் ஃபைண்டர், முன்னாடி எல்இடி பார் லைட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர் இதெல்லாம் லிஸ்ட்ல இருக்கு. மச்சான் வேற 40 பத்தாது, 60 மாட்டுங்கிறான். எதை முதல்ல வாங்கலாம், எதை விடலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகை மெக்கானிக்

வாழ்த்துக்கள் தம்பி. அந்த லிஸ்ட்டை அப்படியே மடிச்சு பாக்கெட்டுல வைங்க.

முதல்ல டிரெய்லருக்கு ஜாக்கி போட்டு ரெண்டு சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்குங்க. கையால சுத்திப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. டயரை மேல ஒரு கை கீழ ஒரு கை பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா நட்டு லூஸு இல்லைன்னா பேரிங் தேஞ்சிருக்கு. சத்தமும் இல்ல ஆட்டமும் இல்லைன்னாலும் ஹப்பை, அதான் சக்கரத்தோட நடுக்குடத்தை, கழட்டிப் பாத்துருங்க, செகண்ட் ஹேண்டு டிரெய்லர்ல பத்துக்கு ஏழெட்டு உள்ள காப்பி கலர்ல கிரீஸு இருக்கும், அது கிரீஸு இல்ல, உப்புத்தண்ணியும் துருவும் கலந்த சேறு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பட்டுக்கோட்டையிலேருந்து ஓட்டிக்கிட்டு வந்த ஹப்பு சூடா இருக்கும், அதை அப்படியே தண்ணியில இறக்குனா உள்ள இருக்கற காத்து சட்டுனு குளிர்ந்து சுருங்கும், சுருங்குற இடத்துக்கு சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும். அதனால கரைக்குப் போனதும் உடனே இறக்காதீங்க. டீ குடிங்க, சாமானை ஏத்துங்க, ஹப்புல கையை வச்சா வெதுவெதுப்பு கூட இல்லாம இருக்கணும், அப்புறம் இறக்குங்க. இதுக்குக் காசே வேணாம், ஆனா ஈசிஆர்ல சக்கரம் தனியா ஓடுறதை இதுதான் தடுக்கும்.

பேரிங் மாத்தும்போது சீலையும் சேத்தே மாத்துங்க, பழைய சீலைத் திருப்பிப் போடுற வேலை வேணாம். நம்பர் பேரிங் முகத்துலயே அடிச்சிருக்கும், அதைப் பாத்து தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ எந்த பேரிங் கடையிலயும் வாங்கலாம், ஏன்னா லோக்கல் டிரெய்லருக்குப் பெரும்பாலும் ஏதாவது பழைய கார் ஆக்ஸில்தான் போட்டிருப்பாங்க. கிரீஸு தண்ணி தாங்குற மரைன் கிரீஸா இருக்கட்டும், பழசு மேல புதுசைத் திணிக்காதீங்க, மண்ணெண்ணெயில கழுவித் தொடைச்சுட்டுப் போடுங்க. நட்டை சக்கரத்தைச் சுத்திக்கிட்டே டைட் பண்ணி, அப்புறம் லேசா பின்னுக்கு விட்டு ஓட்டை நேராகுற இடத்துல காட்டர் பின் குத்துங்க. முழுசா இறுக்கிட்டா சூடேறி பேரிங் கருகிரும்.

60 ஹெச்பி பேச்சை விட்டுருங்க. 60 ஃபோர் ஸ்ட்ரோக் நூறு கிலோவைத் தாண்டிரும், என்ஜின் மாட்டுற அந்த டிரான்சம் பலகை (போட்டோட பின்பலகை) அதைத் தாங்குமான்னு யாருக்குத் தெரியும்.

அதிரை காக்கா

மெக்கானிக் அண்ணன் சொன்னதுக்கு மேல ரெண்டு வார்த்தை. டிரெய்லர் பைப்புல ரெண்டு முனையையும் வெல்டு வச்சு அடைச்சிருந்தா நல்லதுன்னு நினைப்பாங்க, ஆனா ஏதாவது ஒரு போல்ட் ஓட்டை வழியா உப்புத்தண்ணி உள்ள போகத்தான் செய்யும், போனது வெளிய வராது. மேல பெயிண்ட் மின்னும், உள்ளேருந்து அரிச்சிக்கிட்டே வரும். சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே போங்க தம்பி, சத்தம் மொத்தையா மாறுற இடம் இருக்கும், அங்க பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. பைப்புக்குக் கீழ்ப்பக்கம் தண்ணி வடிய நாலஞ்சு ஓட்டை போட்டு விடுங்க, கழுவும்போது ஹோஸ் உள்ளயும் போகும். காசு இருந்தா மொத்த பிரேமையும் கழட்டி ஹாட் டிப் கேல்வனைஸ் பண்ணிருங்க, அது ஒரு தடவை செலவு. கடையில சில்வர் ஸ்ப்ரே அடிச்சுட்டு கேல்வனைஸ்னு சொல்லுவாங்க, அது வெறும் பெயிண்ட்.

இறக்குற இடம். நம்ம அதிராம்பட்டினம் கரை முழுக்க சேறு, கரையில நின்னு பாத்தா தண்ணி பக்கத்துலதான் இருக்கும், கால் வச்சா முழங்கால் வரைக்கும் போகும். இங்க ஏத்தவத்தம், அதாவது கடல் ஏறி இறங்குற அளவு, ஒரு மீட்டருக்கும் கம்மிதான், ஆனா கடல் தட்டையா கிடக்கறதால அரையடி வத்துனாலே கரை எங்கேயோ போயிரும். எந்த இடமா இருந்தாலும் வத்தம் இருக்கும்போது ஒரு தடவை வண்டி இல்லாம நடந்து போய்ப் பாத்துட்டு வாங்க. டிரெய்லர் சக்கரம் போற தடத்துல தென்னை மட்டையைக் குறுக்க அடுக்கி அது மேல பழைய இரும்புத் தகடு ரெண்டு போட்டா சேத்துல இறங்காது. உங்களுக்கு மட்டைக்கா பஞ்சம்? இல்லைன்னா உள்ளூர் டிராக்டர் ஒன்னைப் பேசி வச்சுக்கங்க, பொலேரோவை உப்புத்தண்ணியில விடாதீங்க.

கோரையாத்தான்

நான் மாத்திச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. முத்துப்பேட்டைக்குள்ள ஓட்டுறதுக்கு உங்க போட்டு பின்னாடி தொங்குற அவுட்போர்டு என்ஜினே வேஸ்ட்டு. லகூன் (காயல்) ஆழம் சராசரியா ஒரு மீட்டர்தான், பல இடத்துல அதுவும் இல்ல, கோரையாறும் பாமணியாறும் கொண்டாந்து கொட்டுற வண்டல்தான் அடியில. அதுல 40 அவுட்போர்டை இறக்குனா தண்ணியை இழுக்காது, களியைத்தான் இழுக்கும். பேசாம அதை வித்துட்டு லாங் டெயில் டீசல் மாட்டுங்க. தண்டு நீளம், தூக்கி வச்சுக்கலாம், விசிறி மட்டும் தண்ணியில இருக்கும், உள்ளூர்ல எந்தப் பையனும் ரிப்பேர் பாப்பான்.

நாகை மெக்கானிக்

கோரையாத்தான் தம்பி சொல்றதுல பாதி சரி. தொழிலுக்குப் போறவனுக்கு லாங் டெயில்தான், அதுல நான் சண்டைக்கு வரல. ஆனா இவரு பொண்டாட்டி புள்ளையோட போறவரு, அந்தச் சத்தத்துலயும் புகையிலயும் ஒரு மணி நேரம் உக்காந்தா அடுத்த தடவை யாரும் கூட வரமாட்டாங்க. அதுவுமில்லாம சுத்துற தண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், சின்னப் பசங்க இருக்கற போட்டுக்கு அது ஆகாது.

அவுட்போர்டை களியில ஓட்டணும்னா சில வழக்கம் இருக்கு. முதல்ல இம்பெல்லர். இது என்ஜினுக்குத் தண்ணி இழுத்துக் குடுக்கற சின்ன ரப்பர் சக்கரம், கியர் பாக்ஸுக்கு மேல ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கும். சுத்தத் தண்ணியில ஓடுனா ரெண்டு வருஷம் கூட வரும், நம்ம கலங்கத்தண்ணியில மண்ணு உரசி உரசி இறக்கை மழுங்கிரும், கிண்ணத்துலயும் கோடு கோடா கீறல் விழும். செகண்ட் ஹேண்டு என்ஜின்னா நல்லா இருக்கா இல்லையான்னு யோசிக்கவே வேணாம், வாங்குன உடனே புதுசு போட்டுருங்க, அப்புறம் வருஷா வருஷம். பழசைக் கழட்டும்போது இறக்கை ஒன்னு உடைஞ்சு காணாமப் போயிருந்தா அந்தத் துண்டு மேல தண்ணிப் பாதையில எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம், அதைத் தேடி எடுக்காம மூடாதீங்க.

ஓடும்போது பின்னாடி ஒரு ஓட்டையிலேருந்து தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். ஓட்டுறவன் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா திரும்பி அதைப் பாக்கணும். மெலிஞ்சாலோ சூடா ஆவி வந்தாலோ உடனே ஆஃப். பாதி நேரம் பிளாஸ்டிக் கவரோ ஆகாயத்தாமரை வேரோதான் உறிஞ்சுற வாயை அடைச்சிருக்கும், தூக்கி எடுத்துப் போட்டா சரியாயிரும். கரையில வெறும் காத்துல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்னு யாராவது சொன்னா சாவியைப் பிடுங்கிருங்க, தண்ணி இல்லாம சில விநாடி சுத்துனாலே அந்த ரப்பர் கருகிரும்.

ஆழம் கொறைஞ்ச இடத்துல ஷேலோ வாட்டர் டிரைவ் லீவர் இருந்தா போட்டுக்கிட்டு, என்ஜினைக் கொஞ்சம் தூக்கி, மெதுவா. ரொம்பக் கம்மியா இருந்தா என்ஜினை ஆஃப் பண்ணித் தூக்கிட்டு மூங்கில் கோல் ஊணித் தள்ளுங்க. நல்ல கோல் ஒன்னு, துடுப்பு ரெண்டு, இது இல்லாம கரையை விட்டு எடுக்கக் கூடாது. பிஷ் ஃபைண்டரைவிட அந்தக் கோல்தான் அங்க ஆழம் சொல்லும்.

தோப்புக்காரன்

அண்ணே, ஹப்பைக் கழட்டுனேன். நீங்க சொன்ன அதே காப்பி கலரு. ஒரு பக்கம் பேரிங் உருளையில குழி விழுந்திருக்கு. ரெண்டு பக்கமும் மாத்திடறேன். காக்கா சொன்ன மாதிரி தட்டிப் பாத்ததுல ஆக்ஸில் பக்கத்துல ஒரு இடம் பெயிண்டோட கையில உதிர்ந்து வருது, வெல்டரைக் கூப்பிட்டிருக்கேன்.

ஓட்டிட்டு வந்ததும் நல்லதண்ணியில என்ஜினைக் கழுவணுமாமே, எப்படி? தோப்புல போர் இருக்கு.

அதிரை காக்கா

போர் தண்ணியை முதல்ல நாக்குல வச்சுப் பாருங்க தம்பி. இதைச் சிரிக்காமத்தான் சொல்றேன். நம்ம கடலோரத்துல பாதி போர் உப்பு ஏறிக் கிடக்கு, உப்பைக் கழுவுறேன்னு உப்பாலயே கழுவுனா என்ன பிரயோஜனம். உங்க தோப்பு கொஞ்சம் உள்ளடங்குனதா இருந்தா பரவாயில்ல. உப்புக் கரிச்சா பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி, இல்ல மழைத்தண்ணி பிடிச்சு வைங்க.

முறை என்னன்னா, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்னை மேல்பக்கம் அறுத்து, என்ஜின் கால் உள்ள போற மாதிரி வச்சு, தண்ணி உறிஞ்சுற ஓட்டைக்கு நல்லா மேல நிக்குற அளவு நிரப்பி, நியூட்ரல்ல பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க. ப்ரொப்பெல்லரைக் கழட்டிருங்க, டிரம்மும் தப்பிக்கும் கையும் தப்பிக்கும். இயர் மஃப்னு ரெண்டு ரப்பர் கப்பு வச்ச கிளிப் கிடைக்குது, ஹோஸ் மாட்டி உறிஞ்சுற ஓட்டை மேல வச்சுக்கலாம், ஆனா தண்ணி திறந்த அப்புறம்தான் ஸ்டார்ட். தண்ணி சூடாகி தெர்மோஸ்டாட் திறந்தாத்தான் தலைப்பக்கம் வரைக்கும் உப்பு கழுவிப் போகும், அதனால ரெண்டு நிமிஷத்துல நிப்பாட்டிட்டு ஆச்சுன்னு போகாதீங்க. டிரெய்லர், ஸ்பிரிங் பட்டை, போட்டை இழுத்து ஏத்துற வின்ச், எல்லாத்தையும் அதே கையோட கழுவிருங்க.

சோழகம்

கடைசியா ஃப்யூவல் ஹோஸைக் கழட்டிட்டு கார்புரேட்டர்ல இருக்கறது தீந்து தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க, அடுத்த வாரம் ஜெட் அடைப்பு இருக்காது. டூ ஸ்ட்ரோக்ங்கறதால அது தீர்ற நேரத்துல ஆயிலும் சேந்துதான் தீரும், அதனால ஐடில்ல மட்டும் விடுங்க, ஆக்சிலரேட்டரைக் கைவைக்காதீங்க.

பெட்ரோல் பத்தி யாரும் சொல்லலையே? இப்ப பங்குல வர்றது 20 சதவீதம் எத்தனால். பெரும்பாலான அவுட்போர்டு மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும்தான் போட்டிருப்பான். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், நம்ம ஊரு கடலோர ஈரத்துல கேக்கவே வேணாம். தண்ணி அளவு மீறுச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் சேந்து தனியாப் பிரிஞ்சு டேங்க் அடியில உக்காந்துரும், ஹோஸ் உறிஞ்சுறது அந்த அடியிலேருந்துதான். டூ ஸ்ட்ரோக்ல இன்னும் மோசம், ஏன்னா ஆயிலு மேல இருக்கற பெட்ரோலோடயே நின்னுரும், கீழ இருக்கறதுல ஆயிலே இருக்காது. பிஸ்டன் பிடிச்சா கேள்வி கேக்க ஆளில்ல.

தோப்புக்காரன்

அப்ப என்னதான் பண்றது? எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு நான் எங்க போறது.

சோழகம்

தவிர்க்க முடியாது, அதோட வாழணும். போற அன்னிக்கு மட்டும் வாங்குங்க, போற அளவு மட்டும் கலக்குங்க, மிச்சம் இருந்தா பொலேரோல ஊத்தாதீங்க, அது டீசல், வேற பெட்ரோல் வண்டி வீட்ல இருந்தா அதுல ஊத்தித் தீர்த்துருங்க (ஆயில் கலந்ததுங்கறதால பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயர், புல்லு வெட்டுற மெஷின் இருந்தா இன்னும் நல்லது). டேங்க்குக்கும் என்ஜினுக்கும் நடுவுல 10 மைக்ரான் வாட்டர் செபரேட்டர் ஃபில்டர் ஒன்னு மாட்டுங்க, கீழ கண்ணாடிக் கிண்ணம் இருக்கற மாதிரி. ஃப்யூவல் ஹோஸ் பழசுன்னா மாத்திருங்க, எத்தனால் பழைய ரப்பரைக் கூழாக்கிரும். ஹோஸ் நடுவுல இருக்கற ரப்பர் பல்பை அமுக்குனா கெட்டியாகி நிக்கணும், அதுல அம்புக்குறி என்ஜின் பக்கம் பாக்கணும்.

ஆயில் டிசிடபிள்யூ3 மட்டும். பைக்குக்கு ஊத்துற 2டி ஊத்தாதீங்க, அது காத்துல குளிர்ற என்ஜினுக்குச் செஞ்சது, தண்ணியில குளிர்ற என்ஜின்ல சாம்பல் கட்டி ரிங்கு ஒட்டிக்கும். மேனுவலைப் பாத்துக்கங்க, பெரும்பாலும் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்க்குக்கு 480 மில்லி. நல்லதுக்குத்தானேன்னு கூட ஊத்துனா பிளக்கு கரியாகும்.

நாகை மெக்கானிக்

சோழகம் சொன்னது அத்தனையும் சரி. கூட கியர் ஆயிலும் பாத்துருங்க. கீழ இருக்கற ஸ்க்ரூவைத் திறந்து கொஞ்சம் விரல்ல எடுங்க, கறுப்பா இருந்தா பழசு, பால் மாதிரி வெள்ளையா இருந்தா சீல் வழியா தண்ணி போயிருக்கு. புது ஆயிலைக் கீழ்ஓட்டை வழியாத்தான் ஏத்தணும், மேல்ஓட்டையில வழியுற வரைக்கும், அப்பத்தான் காத்து நிக்காது. ரெண்டு ஸ்க்ரூவுக்கும் வாஷர் புதுசு.

சீல் போறதுக்கு நம்ம பக்கம் முதல் எதிரி தங்கூசி. அறுந்து மிதக்குற நரம்பு வலை ப்ரொப்பெல்லர்ல சுத்தி, தண்டுக்குள்ள இறுகி, சீலை அறுத்துரும். வெளிய ஒன்னும் தெரியாது. அதனால ரெண்டு மூணு தடவை போய்ட்டு வந்தா ஒருக்கா ப்ரொப்பெல்லரைக் கழட்டி தண்டைப் பாருங்க, கிரீஸு பூசித் திருப்பி மாட்டுங்க. உபரி ப்ரொப்பெல்லர் ஒன்னு, நட்டு, காட்டர் பின், ஸ்பேனர் எப்பவும் போட்டுல இருக்கட்டும். அலுமினியமே போதும், ஸ்டீல் வாங்காதீங்க, அடிபட்டா அலுமினியம் தான் வளைஞ்சு கியரைக் காப்பாத்தும்.

கொள்ளிடக்கரை

நான் ஓட்டுறது கொள்ளிடத்துல, பழையாறு பக்கமும் போவேன். அங்க பிரச்சனை சேறு இல்ல, மணல். மேட்டூர் திறந்து தண்ணி வந்த பிறகு போன மாசம் இருந்த பாதை இந்த மாசம் இருக்காது. வெள்ளம் திறந்து விடுறாங்கன்னு அறிவிப்பு வந்தா ஆத்துப்பக்கமே போகாதீங்க, மரமே மிதந்து வரும்.

ஒரு விஷயம் யாரும் கேக்கல, அனோடு. என்ஜின் கால்ல சாம்பல் நிறத்துல ஒரு உலோகத் துண்டு இருக்கும்ல, உப்புத்தண்ணியில மத்த அலுமினியத்துக்குப் பதிலா அது கரைஞ்சு போகும். கடல்ல துத்தநாகம் சரி, முழு நல்லதண்ணியில மெக்னீசியம், நம்ம மாதிரி ஆறும் கடலும் கலக்குற உவர்தண்ணிக்கு அலுமினிய அனோடுதான் நல்லா வேலை செய்யும். பாதி கரைஞ்சா மாத்திருங்க. பழைய ஓனர் அழகுக்காக அது மேலயும் பெயிண்ட் அடிச்சிருப்பாரு, சுரண்டிருங்க, பெயிண்ட் அடிச்சா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வேதை உப்பளம்

பசங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்னு, புள்ளைங்களுக்கு அவங்க எடைக்கு உள்ளது, கால் இடுக்கு வழியா வர்ற பெல்ட் இருக்கணும் இல்லைன்னா தூக்கும்போது ஜாக்கெட் மட்டும் கையில வரும். சீட்டுக்கு அடியில கட்டி வைக்கறதுக்கு இல்ல, போட்டுக்கறதுக்கு. கில் சுவிட்ச் கயித்தை ஓட்டுறவர் கையிலயோ தொடையிலயோ மாட்டிக்கணும். வளைவுல ஆளு தூக்கி எறிஞ்சா போட்டு சுத்திக்கிட்டு அவர் மேலயே வரும், அந்தக் கயிறு ஒன்னுதான் என்ஜினை நிறுத்தும். உங்க பழைய என்ஜின்ல அது வேலை செய்யுதான்னு இன்னிக்கே இழுத்துப் பாருங்க, நிறைய பேரு ஸ்டார்ட் ஆகலைன்னு ஒயரைப் பிடுங்கி விட்டிருப்பாங்க.

நங்கூரம் சேத்துக்கு அகலமான தட்டு வச்சதா பாருங்க, சின்ன நாலு கொக்கி மடக்கு நங்கூரம் களியில வெண்ணெய்ல போற மாதிரி இழுத்துக்கிட்டே வரும். முன்னாடி ரெண்டு மூணு மீட்டர் சங்கிலி, அப்புறம் கயிறு, ஆழத்தைப் போல அஞ்சு ஏழு மடங்கு விடணும். கட்டுறது அணியத்துல, பின்பக்கம் கட்டாதீங்க, அலை உள்ள ஏறும்.

காலையில கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல கடக்காத்து எழும்புனா ஆழமில்லாத கடல்ங்கறதால குட்டை அலையா நெருக்கி நெருக்கி அடிக்கும். அதனால விடியகாலை போய்ட்டு பத்து பதினோரு மணிக்குக் கரை. வீட்ல எங்க போறோம், எப்ப வருவோம்னு சொல்லிட்டுப் போங்க. போன்ல 1554 கோஸ்ட் கார்டு, 1093 கடலோரக் காவல், ரெண்டையும் போட்டு வைங்க. போனுக்குத் தண்ணி போகாத உறை. சிக்னல் இல்லாத தூரம் போறதா இருந்தா விஎச்எஃப் வயர்லெஸ், 16-ஆம் சேனல்.

அப்புறம் அனுமதி. முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வனத்துறை இடம், கோடியக்கரையோட சேந்து 2002-லயே ராம்சர்ங்கற உலக முக்கிய ஈரநிலப் பட்டியல்ல வந்தது. சொந்த போட்டுன்னு நேரா உள்ள விட்டுர முடியாது, முன்கூட்டியே வனத்துறையில கேட்டுட்டுத்தான். மீன் பிடிக்கிற போட்டுன்னா மீன்வளத் துறைப் பதிவு, டிரெய்லருக்கு ஆர்டிஓ பதிவு, பழைய ஓனர்கிட்ட என்ன பேப்பர் இருக்குன்னு இப்பவே வாங்கி வைங்க.

அதிரை காக்கா

வேதை சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. மல்லிப்பட்டினம் பக்கம் போனா கடல்புல் மேட்டு மேல வேகமா ஓட்டாதீங்க, ப்ரொப்பெல்லர் புல்லை வேரோட அறுத்து எறியும். அது ஆவுளியா, அதான் கடல்பசு, மேயற இடம். 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை கடல்பசுக் காப்பகமா அறிவிச்சிருக்காங்க. மூச்சு விட மேல வரும், அடிபட்டா அதுக்கும் சாவு உங்களுக்கும் வம்பு.

தோப்புக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேரிங், சீல், இம்பெல்லர், கியர் ஆயில், ஹோஸ், ஜாக்கெட் எல்லாம் சேத்துப் பாத்தா ஸ்பீக்கருக்கு மிச்சம் இல்ல, மச்சான் கடுப்புல இருக்கான். இன்னொரு சந்தேகம், என்ஜின் மாட்டியிருக்கற பின்பலகை, அதான் டிரான்சம், அதைக் கையால அமுக்குனா ஒன்னும் தெரியல, ஆனா என்ஜினைத் தூக்கி இறக்கும்போது லேசா அசையுற மாதிரி இருக்கு.

கொள்ளிடக்கரை

என்ஜினைப் பாதி தூக்கி வச்சுட்டு அதோட கால்ல மெதுவா உங்க எடையைப் போட்டு மேலயும் கீழயும் ஆட்டுங்க, பலகை வளையக் கூடாது, மூலையில மயிர்க்கோடு மாதிரி விரிசல் திறந்து மூடக் கூடாது. அடுத்து சின்னச் சுத்தியலோட பிளாஸ்டிக் கைப்பிடியால தட்டுங்க, டக் டக்னு வந்தா நல்லது, தொப்னு வந்தா உள்ள மரம் ஊறிருச்சு. என்ஜின் போல்ட்டு ஒன்னைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவரால சுரண்டுங்க. ஈரமான கறுப்புத் தூள் வந்தா முடிஞ்சது.

நாகை மெக்கானிக்

ஊறியிருந்தா மேல ரெண்டு கோட்டு ரெசின் பூசி மறைக்காதீங்க. உள்பக்கத்து பைபர் தோலை அறுத்து, அழுகுன மரத்தை முழுசா வெட்டி எடுத்து, நல்லா காய வச்சு, மரைன் பிளைவுட் வச்சு திரும்ப பைபர் மேட் போட்டு ஒட்டணும். மழைக்காலத்துல இதைச் செய்யாதீங்க, ஈரத்துல ரெசின் சரியா பிடிக்காது. ஹார்டனரை ஆளாளுக்குக் கண்ணால அளந்து ஊத்துவாங்க, ஒன்னுலேருந்து ரெண்டு சதவீதத்துக்குள்ள இருக்கணும், வெயில் அடிக்கும்போது கம்மி. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல பைபர் ஆளுங்க அத்தனை பேரும் விசைப்படகு மராமத்துல இருப்பாங்க, அதனால பிப்ரவரி மார்ச்சுலயே பேசி முடிச்சிருங்க. வேலை முடியும்போது ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலயும் மரைன் சீலன்ட் போடாம போல்ட்டை முறுக்க விடாதீங்க, மரம் ஊறுறதே அந்த ஓட்டை வழியாத்தான்.

கோரையாத்தான்

அதுவரைக்கும் வண்டியை எப்படி நிறுத்துறதுன்னும் சொல்லிருங்க, ஐப்பசி வந்துரும். அணியத்தை ஒசத்தி, பின்னாடி தக்கையைக் கழட்டி விட்டுருங்க, மழைத்தண்ணி தானா வடியணும். தக்கையை சாவிக்கொத்துல கட்டுங்க, தண்ணியில இறக்கும்போது ஞாபகம் வரும். டயர்ல பாரம் நிக்காம அச்சுக்கடியில கட்டை குடுங்க. தார்ப்பாயை இழுத்து மூடுனாலும் ரெண்டு பக்கம் காத்து போக விடுங்க. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள. தென்னை மரத்துக்கடியில நிறுத்தாதீங்க, தோப்புக்காரருக்கு நான் சொல்லணுமா. கஜா அன்னிக்கு 2018 நவம்பர்ல தோப்பே படுத்ததைப் பாத்திருப்பீங்க. புயல் அறிவிப்பு வந்தா என்ஜினைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போங்க, போட்டை டிரெய்லரோட சேத்துக் கட்டி, டிரெய்லரைத் தரையில அடிச்ச முளையோட கட்டுங்க.

இன்னொன்னு, தண்ணி பீச்சுற ஓட்டையிலயும் டேங்க் மூடி காத்து ஓட்டையிலயும் குளவி மண்ணு வச்சு கூடு கட்டும். தை மாசம் எடுக்கும்போது மெல்லிய கம்பியால குத்திப் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லைன்னா இம்பெல்லர் புதுசு போட்டும் தண்ணி வரலியேன்னு இங்க வந்து கேப்பீங்க. எலி வேற ஃப்யூவல் ஹோஸைக் கடிக்கும்.

தோப்புக்காரன்

போல்ட்டைக் கழட்டி சுரண்டுனேன். மஞ்சளா காஞ்ச மரத்தூள்தான் வருது, ஈரம் இல்ல. அசைஞ்சதுக்குக் காரணம், என்ஜினைப் பலகையோட பிடிக்கிற கிளாம்ப் பிராக்கெட் போல்ட் ரெண்டு லூஸு. சீலன்ட் போட்டு முறுக்கிடறேன். டிரெய்லர் கொக்கியில எவ்வளவு எடை உக்காரணும்? பொலேரோ பின்பக்கம் 70 தாண்டுனா டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடுது.

நாகை மெக்கானிக்

முதல்ல 70-ல போகாதீங்க, ஈசிஆர்ல ஆடு மாடும் காயப் போட்ட நெல்லும் கிடக்கு. ஆடுதுன்னா கொக்கியில எடை பத்தல. நெல்லு மூட்டை எடை போடுற மேடைத் தராசு யார்கிட்டயாவது வாங்கி, கொக்கி முனையை ஒரு கட்டை வச்சு அது மேல நிறுத்துங்க, வண்டியில மாட்டுனா எந்த உயரத்துல இருக்குமோ அதே உயரம். போட்டு, என்ஜின், டேங்க், டிரெய்லர் எல்லாம் சேத்த மொத்த எடையில 5-லேருந்து 10 சதவீதம் வரணும், 600 கிலோன்னா 30-லேருந்து 60. ஆட்டம் இருக்கறதால 60 பக்கமே வைங்க. கம்மியா இருந்தா பெட்ரோல் டேங்க்கையும் நங்கூரத்தையும் முன்னாடி நகர்த்துங்க, பத்தலைன்னா வின்ச் கம்பத்தை முன்னால தள்ளி போட்டையே நகர்த்தணும், அப்ப பின்பலகைக்கு அடியில தாங்கு கட்டை இருக்கான்னு பாத்துக்கங்க. டயர் காத்தும் பாருங்க, டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

தோப்புக்காரன்

பாத்தேன். 2311. பூவெல்லாம் அப்படியே இருக்கு, ஆனா பக்கவாட்டுல வெடிப்பு.

நாகை மெக்கானிக்

2011 டயரு. ரெண்டையும் மாத்துங்க, ஸ்டெப்னியும் சேத்து மூணு. மச்சானைக் கேளுங்க, ஸ்பீக்கர் காசுல ஒரு டயர் வரும்.